ஓட்டுநருக்கும் உறக்கம் உண்டு

புண்ணியத் தலங்களுக்குச் செல்ல நாம் போடும் திட்டத்தில் எல்லாம் இருக்கும். புறப்படும் நேரம் இருக்கும்; கட்டுச்சோறு இருக்கும்; வழியில் பார்க்க வேண்டிய கோயில்களின் பட்டியல் இருக்கும்; அருச்சனைக்குத் தேங்காய் எத்தனை என்ற கணக்குகூட இருக்கும். ஆனால் நம்மை அழைத்துச் செல்லும் ஓட்டுநர் எப்போது உறங்குவார் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. இதை நான் ஊரார்மேல் வைத்துச் சொல்லவில்லை. அப்படி ஒரு திட்டத்தைப் போட்டவன் நானேதான்.

இராமேசுவரம் போக வேண்டும் என்பது எங்கள் அப்பத்தாவின் நெடுநாள் ஆசை. அக்கினி தீர்த்தக் கரையில் தாத்தாவுக்குத் திதி கொடுக்க வேண்டும். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகையால், “கணக்குப் போடற பிள்ளை நீதான்” என்று தாளையும் பேனாவையும் என்னிடம் தந்துவிட்டார்கள்.

நானும் போட்டேன். கரூரிலிருந்து திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வாடகைக் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு. சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. ஓட்டுநருக்கு நாள் கணக்கில் பேட்டா. சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் புறப்பட்டால் விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம். தீர்த்தமாடி, திதி கொடுத்து, தனுஷ்கோடி பார்த்து, அன்றிரவே திரும்பினால் திங்கட்கிழமை காலை நான் வகுப்பில் இருக்கலாம். அறை வாடகையும் ஒரு நாள் பேட்டாவுமாக 2,100 ரூபாய் மிச்சம்! அப்பா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு இரவும் ஒரு பகலும் ஒரே மனிதர் வண்டி ஓட்ட வேண்டும் என்பது எங்கள் ஏழு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பரமக்குடியைத் தாண்டியபோது மணி இரண்டரை. எல்லோரும் உறங்கிவிட்டோம். வெற்றிலை மென்றபடி விழித்திருந்தவர் அப்பத்தா ஒருவரே. கார் மெல்ல மெல்ல இடப்புறம் ஒதுங்கி, தார்ச்சாலையை விட்டிறங்கிச் சரளையில் ஓடத் தொடங்கியது. “டிரைவர் தம்பீ!” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் நாங்கள் விழித்தோம், ஓட்டுநரும் விழித்தார். வண்டி நின்ற இடத்திலிருந்து நான்கடி தள்ளி ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருந்தது.

கை நடுங்க இறங்கி நின்றார் அந்த மனிதர். முந்திய இரவு திருப்பதிச் சவாரி. அன்று பகல் முழுவதும் கல்யாண வீட்டுச் சவாரி. இடையில் கண் மூடவே இல்லையாம். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அண்ணா” என்றேன். “சொன்னா நீங்க வேற வண்டி பாத்துக்குவீங்களே, தம்பி” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மை அதுதான், வேறு வண்டிதான் பார்த்திருப்போம்.

அப்பத்தா மட்டும் கலங்காமல் பேசினார்: “மாட்டு வண்டியில வண்டிக்காரன் கண்ணசந்தாலும் மாடு வழி பாத்துப் போகும். இந்த வண்டிக்குக் கண்ணு நீ ஒருத்தன்தானே சாமி? படு. கோயில் எங்கயும் ஓடிப் போயிடாது.” அருகிலிருந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஒதுக்கினோம். விடியும் வரை அவர் உறங்கினார். ஸ்படிகலிங்க தரிசனம் தவறிற்று, வேறொன்றும் தவறவில்லை.

மாணவ நண்பர்களே, நாம் அறிவியல் படிக்கிறோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் மூன்றே விநாடி கண்ணயர்ந்தால் 66 மீட்டர். அதாவது, ஐந்து கபடி ஆடுகளங்களை நீளவாக்கில் அடுக்கிய தூரம், வண்டி பார்ப்பாரின்றி ஓடும். நள்ளிரவு தாண்டி விடியும் வரையுள்ள நேரமோ, உடலின் இயற்கைக் கடிகாரம் மனிதனை உறக்கத்துக்குத் தள்ளும் நேரம். தேநீர் அதைச் சற்றுத் தள்ளிப் போடலாம்; உறக்கத்துக்கு ஈடாகாது. தேர்வுத் தாளில் வேகத்தையும் தூரத்தையும் பிழையின்றிக் கணக்கிடும் நான், வீட்டுத் திட்டத்தில் இதைக் கணக்கிடாமல் விட்டேன்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணியேனும் ஓய்வு என்றும் வரையறுத்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. கடன் வாங்கி ஒரே ஒரு கார் வாங்கி, தானே ஓட்டிப் பிழைப்பவரை அந்தச் சட்டம் எட்டவில்லை. விடுதிகளுக்கு வரும் கார்களின் ஓட்டுநர்களுக்கும் தங்குமிடம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. வரவேற்க வேண்டிய செயல். எனினும், அறை எடுக்காமலே இரவோடிரவாகத் திரும்புகிறவர்களின் ஓட்டுநருக்கு அந்த விதியால் என்ன பயன்?

“அவர்தானே ஒப்புக்கொண்டு வந்தார்?” என்பர் சிலர். மாதத் தவணை கட்ட வேண்டியவர் சவாரியை மறுப்பாரா? “ஏழைக் குடும்பம், கூடுதல் செலவுக்கு எங்கே போவது?” என்பர் வேறு சிலர். நியாயமான கேள்வி, நாங்களும் ஏழைக் குடும்பமே. 2,100 ரூபாயை ஏழு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 300 ரூபாய். அதைச் சேர்க்க இரண்டு மாதமானாலும், இரண்டு மாதம் கழித்துப் போகலாம். பாலத்துச் சுவரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தொகை பெரிதாகத் தோன்றவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். வண்டி பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன், “கடைசியாக எப்போது உறங்கினீர்கள்?” என்று கேளுங்கள். உறங்கவில்லை என்றால் வேறு வண்டி தேடாமல், புறப்படும் நேரத்தைத் தள்ளி வையுங்கள்; அப்போதுதான் அவர் உண்மை சொல்வார். நள்ளிரவு முதல் விடியல் வரை ஓட்டச் சொல்லாதீர்கள். அறை எடுத்தால் அவருக்கும் ஒரு படுக்கை எடுங்கள்; காரின் இருக்கை படுக்கையாகாது. ஒரு நாளை மிச்சப்படுத்த இரவில் புறப்படும் கல்லூரிச் சுற்றுலாக்களுக்கும் இது பொருந்தும். பேராசிரியப் பெருமக்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அன்றிரவு நாங்கள் இராமேசுவரத்திலேயே தங்கினோம். ஓட்டுநரும் எங்களோடு தங்கினார். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாம்பன் பாலத்தைக் கடந்து ஊர் திரும்பினோம். வருகைப் பதிவேட்டில் அந்தத் திங்கட்கிழமைக்கு நேராக எனக்கு விடுப்பு விழுந்திருக்கிறது. அதற்காக நான் வருந்தவில்லை.