கார் சாமான் படகுக்கு ஆகாது

ஃப்ளோரிடாவில் இருக்கும் என் தம்பி மகன் பழைய ஸ்கீ படகு ஒன்றைப் புதுப்பிக்கிறான். "ஃபோர்டு 351 எஞ்சின்தானே, கார் சாமானையே மாட்டு, விலை குறைவு" என்கிறார்களாம் நண்பர்கள். சொல்பவர்கள் அதில் ஏறப்போவதில்லை!

எஞ்சின் ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. காரில் கசியும் பெட்ரோல் ஆவி காற்றோடு போய்விடும். படகிலோ, காற்றைவிடக் கனமான அந்த ஆவி அடிப்பள்ளத்தில் தேங்கும். வெடிக்க ஒரு பொறி போதும். அதனால்தான் படகுக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உள்ளே பறக்கும் பொறி வெளியே பற்றாதபடி செய்யப்படுகின்றன. அமெரிக்கச் சட்டமும் படகு கட்டுகிறவர்களிடம் அதையே கேட்கிறது. கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் இரண்டும்கூட எஞ்சின் அறையில் பெட்ரோல் சிந்தாத வகையாக இருக்க வேண்டும்.

பிஸ்டன் ரிங்கைக் கார் கடையில் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. பொறியும் பெட்ரோலும் சம்பந்தப்பட்ட சாமானில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமே அல்ல.