கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கோத்தகிரியிலிருந்து மழையில் இறங்கி வந்த ஜீப் அது. மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பழகிய பட்டறை வாசலில் திரும்பும்போதே முன் டயர்கள் சிமெண்ட் தளத்தில் கிறீச்சிட்டுத் துள்ளின. ஓட்டி வந்த இளைஞர், "ஃபோர் வீல் கியர் கழல மாட்டேங்குதுங்க, ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி இருக்குது" என்றார். நான் லிவரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் வடிக்கும் போல்ட்டில் ஸ்பேனரும் வைத்துவிட்டேன்.

"டேய், வெளிய வாடா" என்றார் ஃபோர்மேன் அண்ணன். பிறகு இளைஞரிடம், "தம்பி, எந்தத் தடத்துல வந்தீங்களோ அதே தடத்துல மெதுவா பின்னால விடுங்க." வண்டி பத்தடிகூடப் போகவில்லை. அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு லிவர் இரண்டு விரலுக்கே வந்தது.

அந்தக் கேஸை நான் பிரித்திருந்தால் உள்ளே ஒரு பழுதும் கிடைத்திருக்காது. வண்டிக்காரருக்கு ஒரு நாள் கூலியும் ஆயில் காசும் வீணாகியிருக்கும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதே தவறு பட்டறைகளில் நடப்பதைப் பார்க்கிறேன். தேவைப்படும்போது மட்டும் போடுகிற ஃபோர் வீல் டிரைவைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டியதால் வந்த இறுக்கத்தை, பாகம் கெட்டதாக நினைத்துக் கழற்றுகிறோம். "4ஹெச் போட்டு எந்த ரோட்டில் ஓட்டினீர்கள்?" என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4ஹெச் விழுந்ததும் முன் ஜாயிண்ட் ஷாஃப்டும் பின் ஜாயிண்ட் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது. மஹிந்திராவின் மூன்று கதவு தார் வண்டியை எடுத்துக்கொள்வோம்; அதன் வீல்பேஸ் 2,450 மி.மீ. பின் ஆக்சிலின் நடு 6 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் அடித்தால், முன் ஆக்சிலின் நடு ஏறத்தாழ 6.5 மீட்டர் ஆரத்தில் போகிறது. அந்த ஒரே திருப்பத்தில் முன்பக்கம் சுமார் ஒன்றரை மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். சக்கரக் கணக்கில் அது அரைச் சுற்றுக்கும் மேல். கிரவுன் விகிதம் நாலுக்கு ஒன்று என்று வைத்தால் ஷாஃப்டில் இரண்டரைச் சுற்று வரும். வீல்பேஸ் 2,850 மி.மீ. உள்ள ஐந்து கதவு ராக்ஸில் அந்த ஒன்றரை மீட்டர் இரண்டாகிறது.

சேற்றிலும் மணலிலும் சரளையிலும் டயர் சறுக்கி இந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோடு டயரை விடாது. அதனால் ஷாஃப்ட், ஆக்சில், கிராஸ், செயின் எல்லாம் முறுக்கிக்கொள்கின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஸ்லீவின் பற்கள் ஒன்றையொன்று நெரித்து நிற்பதால்தான் லிவர் வராது. பின்னால் எடுக்கும்போது விசை திசை மாறுகிறது. ஒரு கணம் பற்களின் மேல் பாரம் இல்லாமல் போகிறது. ஃபோர்மேன் அண்ணன் செய்தது அவ்வளவுதான். அதற்கு முன்பே ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தேங்கிய முறுக்கு அந்தச் சக்கரத்தைச் சட்டென்று சுழற்றிவிடும். கையோ காலோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

வளைவே இல்லாத ரோட்டிலும் இது நடக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முன்னால் இரண்டு டயர் மட்டும் புதிது, பின்னால் தேய்ந்தது என்றால், பட்டன் ஆழத்தில் 5 மி.மீ. வித்தியாசமே கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் கணக்கு உதைக்க வைக்கும். நேர் ரோட்டில்கூட முறுக்கு ஏறிக்கொண்டே போய், டயர் சறுக்கும்போது இறங்கி, மறுபடி ஏறும். இரண்டிரண்டாக டயர் மாற்றுவது மற்ற வண்டிகளில் சிக்கனம்; ஃபோர் வீல் வண்டியில் அந்தச் சிக்கனம் கிராஸிலும் செயினிலும் செலவாகிறது. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியைத் தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மழைக்காக ஃபோர் வீல் போட்டேன் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, பயந்துதான் போடுகிறார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டியும் நாலு சக்கரத்தில்தான் நிற்கிறது. 4ஹெச் நிற்கும் தூரத்தைக் குறைக்காது. கொண்டை ஊசி வளைவில் வண்டியின் மூக்கை வெளிப்பக்கம் தள்ளவும் செய்யும். நனைந்த தார் ரோட்டிலும் முறுக்கு ஏறும் அளவுக்குப் பிடிமானம் இருக்கிறது. இதை வாடிக்கையாளரிடம் யார் சொன்னோம்? "மாசம் ஒரு தடவை போட்டு ஓட்டுங்க, ஆயில் சுத்தட்டும்" என்று சொல்லும் நாமே, மண் ரோட்டில் போட்டு ஓட்டுங்கள் என்று சேர்த்துச் சொல்வதில்லை. நல்ல அறிவுரை பாதியில் நின்றதால் வந்த வண்டிகள் என் கணக்கில் பல உண்டு.

1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர், 1977-இல் வந்த லாடா நிவா போன்றவை நடு டிஃபரன்ஷியலோடு எப்போதும் நாலு சக்கரத்தில் ஓடுபவை. 'ஃபோர் வீல்' என்ற ஒரே சொல்லில் அவற்றையும் ஜீப்பையும் சேர்த்துப் பேசுவதால் குழப்பம் கூடுகிறது. வண்டிக்குள் இருப்பது எது என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டே ஸ்பேனரை எடுக்கலாம்.

டெலிவரி கொடுக்கும்போது நான் செய்வது ஒன்றுண்டு. வாடிக்கையாளரையே ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பேன். முதலில் பட்டறைக்குப் பக்கத்து மண் தரையில் 4ஹெச் போட்டு, நடை வேகத்தில் முழுக்க ஒடித்துத் திருப்பச் சொல்வேன். வண்டி சொன்னபடி கேட்கும். பிறகு சிமெண்ட் தளத்தில் அதே திருப்பம், ஏழெட்டு அடி மட்டும். வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல முட்டும். ஸ்டீயரிங் கையில் அதிரும். "நிறுத்துங்க, வந்த தடத்துல பின்னால எடுங்க, இப்ப 2ஹெச் போடுங்க" என்பேன். லிவர் தானாக விழும்போது அவர்கள் அடிப்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வரும், நானும் சாக்பீஸை எடுத்துத் தரையில் இரண்டு வட்டம் போடுவேன்.