பிஞ்சு மிடறும் பிழைபட்ட அளவுகோலும்

பாடுகின்ற குழந்தையைப் பாராட்டுவது எளிது, மதிப்பிடுவது அரிது. அவ்வரிய வினையைத் தகுதியிலார் ஏற்பின், விளையும் கேடு குழந்தையொடு முடிவதன்று. அதன் நாவில் வாழவேண்டிய மொழியையும் அது தாக்கும். இற்றைத் தமிழ்நாட்டில் நிகழ்வது இதுவே.

விசய் தொலைக்காட்சி தன் சிறுவர் பாட்டுப் போட்டிக்கு இட்ட பெயர் ‘சூப்பர் சிங்கர் சூனியர்’. சீ தமிழ் தொலைக்காட்சி ‘சரிகமப’ என்பதன் பின்னே ‘லில் சாம்ப்சு’ என்றொரு வாலை ஒட்டிக்கொண்டது. பெயரே இதுவாயின் பேச்சு எதுவாகும்? ‘பிட்ச்’ நன்று, ‘எக்சுபிரசன்’ நன்று, ‘பெர்பார்மன்சு’ மிக நன்று என நடுவர் இருக்கையிலிருந்து ஆங்கிலம் பொழிகின்றது. குழந்தை தலையாட்டுகின்றது. தன் குரலின் நிறையும் குறையும் யாவை என்று தாய்மொழியில் தெளிவாய் ஒரு சொல் கேளாமலே மேடையினின்று இறங்குகின்றது.

இந்நோய் தொலைக்காட்சி அரங்கோடு நின்றதா? இல்லை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்த செம்பாக்கத்தையும் அதனையடுத்த சிட்லபாக்கம், இராசகீழ்ப்பாக்கம் முதலிய ஊர்களையும் எடுத்துக்கொள்க. ஏரியும் வயலுமாய்க் கிடந்த இவ்வூர்களில் இன்று தெருவுக்கொரு குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. அவை எடுக்கும் பொங்கல் விழாக்களில் சிறுவர் பாட்டுப் போட்டியும் உண்டு. ஆண்டுதோறும் பொங்குவது தமிழர் திருநாள். பாட்டை அளப்பதோ தொலைக்காட்சியில் கண்ட கோல்! யார் உரத்துக் கத்தினார், யார் திரைப்படப் பாடகரை அப்படியே படியெடுத்தார், யார் கையைக் காலை ஆட்டினார் என்பனவே அங்கும் பரிசை முடிவு செய்கின்றன.

தமிழனிடம் அளவுகோல் இல்லையா? இருந்தது, இருக்கின்றது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எண்வகை இடத்துப் பிறக்கும் எழுத்தொலியைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. மெலிவு, சமன், வலிவு எனக் குரலின் மூவகை நிலைகளைத் தமிழிசை மரபு பிரித்துக் காட்டுகின்றது. இவ்விரண்டையும் கைக்கொண்டால் எக்குழந்தையையும் நேர்மையாய் அளக்கலாம். ழகரமும் ளகரமும் வேறுபட்டு ஒலிக்கின்றனவா? றகரமும் ரகரமும் குழம்பாது நிற்கின்றனவா? சொல்லின் இடையில் மூச்சு அறுந்து பொருள் சிதைகின்றதா? சமனில் நிற்கும் குரல் வலிவுக்கு ஏறும்போது இயல்பாய் ஏறுகின்றதா, தொண்டையை நெரித்து ஏறுகின்றதா? இவற்றைக் கேட்கும் நடுவர் எத்தனைபேர்?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எண்ணிப் பார்க்க. மாதவி ஐந்து அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின்னரே ஒரு மேடை! அஃதன்றியும், அவள் ஆடலை விரிக்குமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாய் அடுக்குகின்றார் இளங்கோ. குழந்தையை அரங்கேற்றுமுன் பெரியவர்களின் தகுதியை நாடுதலே தமிழ்நெறி. இன்றோ பெரியவரை எவரும் ஆய்வதில்லை; குழந்தையை மட்டும் ஊரே கூடி ஆய்கின்றது.

2015-இல் கனடாவிலிருந்து வந்த ஈழத்தமிழ்ச் சிறுமி செசிகா ‘சூப்பர் சிங்கர் சூனியர்’ இறுதிச் சுற்றில், தாய்நிலம் துறந்து செல்வோரின் துயரைக் கூறும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படப்பாடலைப் பாடினாள், அரங்கம் அழுதது. இரண்டாமிடம் பெற்ற அவள், பரிசுப் பொன்னைக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கே அளிப்பதாக அறிவிக்கவும் பெற்றது. அவ்வரங்கை உருக்கியது எது? குரலின் உரமா? கையசைவா? இல்லை, ஒவ்வொரு சொல்லும் பொருளோடு செவியிற் சென்று தைத்தமையே. சொல்லின் வலிமையை நடுவர்கள் அன்றே கற்றிருத்தல் வேண்டும். ஆயின் வணிகர் கற்றதோ கண்ணீருக்கு விலையுண்டு என்பதே! 2023-இல் யாழ்ப்பாணத்துக் கில்மிசா ‘சரிகமப’வில் முதலிடம் பெற்றாள், மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சிறுமி அசானியும் அதே மேடையில் பாடினாள். அச்சிறுமியரின் திறத்தில் ஐயமில்லை. அவர்தம் மிடற்றைப் பற்றிய பேச்சை அவர்தம் மண்ணின் துயரைப் பற்றிய பேச்சு மூடிவிட்டதே, அதுதான் குறை. இரக்கம் மதிப்பெண் ஆகாது. திறமுள்ள குழந்தைக்கு அஃது இழிவும் ஆகும்.

இனி உடலைப் பார்ப்போம். குழந்தையின் குரல்நாண் வளர்ந்தோரின் நாணினும் குறுகியது, மெல்லியது, முற்றும் வளராதது. வளர்ந்தோர் தம் குரலுக்கு ஏற்ற சுதியில் பாடிய திரைப்பாடலை அதே சுதியில் சிறுவர் பாடும்போது, மேலே தொண்டையை நெரிக்க வேண்டும். கீழே ஒலி மறைய வேண்டும். நெரித்துப் பாடுதல் வழக்கமானால் குரல்நாணில் முடிச்சு விழும், குரல் கம்மும். ஆண்பிள்ளைக்கோ மகரக்கட்டு உடையும் பருவம் வேறு காத்திருக்கின்றது. குழந்தைக்கேற்பச் சுதியை இறக்கவோ ஏற்றவோ செய்யாத ஆசிரியரைக் கடியாமல், உச்சத்தை எட்டாத குழந்தைக்கு மதிப்பெண் குறைப்பது எந்த நயன்மை?

மேடை நடிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காதலும் ஊடலும் அறியாத எட்டு அகவைக் குழந்தை காமப் பாடலுக்குக் கண்ணசைக்கின்றது, பெரியோர் கைதட்டுகின்றனர். அது நடிப்பன்று, குழந்தைமையின் களவு!

“அந்நாளிலும் சிறுவர் மேடையேறினரே, கொடுமுடி சுந்தராம்பாள் சிறுமியாகவே நாடகத்தில் பாடவில்லையா?” என்று கேட்பார் உளர். பாடினார். ஆனால் ஒலிபெருக்கி இல்லா அக்கொட்டகைகளில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் சொல் விளங்க வேண்டியிருந்தது. விளங்காத பாட்டை அவன் பொறுக்கமாட்டான். அவனே நடுவன்! அவன் இருக்கையில் இன்று விளம்பரக்காரன் அமர்ந்துள்ளான்.

2017-இல் இந்திய அரசு திருத்திய குழந்தைத் தொழிலாளர் நெறிமுறைகள், கலைத்துறையிற் குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணிக்குமேல் ஈடுபடுத்தலாகாது என்றும், ஓய்வின்றி மூன்று மணிக்குமேல் நிறுத்தலாகாது என்றும், வருவாயில் ஐந்திலொரு பங்கேனும் அதன் பெயரில் வைப்பாக இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. நன்று. நேரத்தையும் பணத்தையும் சட்டம் அளக்கும். மிடற்றையும் மொழியையும் அளக்க வேண்டியவர் நாமே.

எனவே செம்பாக்கத்துத் தெருவிலிருந்தே தொடங்குக. அடுத்த பொங்கல் மேடையில் நூறு மதிப்பெண்ணில் நாற்பதைச் சொல்தெளிவுக்கு ஒதுக்குக. குழந்தையின் குரலுக்கேற்ற சுதியையே கொடுக்க. அகவைக்கு ஒவ்வாத பாடலை வாயிலிலேயே நிறுத்துக. தமிழாசிரியர் ஒருவரும் இசையாசிரியர் ஒருவரும் நடுவராய் அமர்க. குறையைத் தமிழில், தனியே அழைத்து, அன்போடு கூறுக. நிறையை அவையறியக் கூறுக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மானம் ஒன்று போதும். தெரு திருந்தினால் தொலைக்காட்சியும் திருந்தியே ஆகவேண்டும். ஏனெனில் அதனைக் காண்போர் அத்தெருவில் வாழ்வோரே!