முதலில் ஒரு போன் போடுங்கள்



ஜூன் பிறக்கப்போகிறது. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தால் எங்கு திரும்பினாலும் நோட்டுப் புத்தகக் கட்டுகள். சங்கத்துக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அடுக்ககவாசிகள் என்று பலரும் டஜன் கணக்கில் வாங்கி ஆட்டோவில் ஏற்றுகிறார்கள், வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்க. அந்தத் தெரு இருக்கும் ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. கடை ஷட்டர் இறங்கினால்தான் அவர்களுக்குப் படுக்க இடம். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு வீடற்றோர் காப்பகம் ஒன்றாவது வேண்டும், அது வருடம் முழுக்க இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

அந்தக் காப்பகங்களில் வளரும் பிள்ளைகளுக்கு நம் இதழ் சார்பில் நோட்டு சேகரிக்கலாமே என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நோட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி.

அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டால் பாடநூல், நோட்டு, பை, காலணி, வண்ணப் பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் இலவசம். சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை நான்கு செட் சீருடையும் உண்டு. இவ்வளவும் வந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன குறை? வந்ததை வைத்துக்கொள்ள இடமில்லை. பல குடும்பங்கள் ஒரே கூடத்தில் படுக்கும் இடத்தில் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு பத்து நோட்டுக்கு இல்லை. மூடி இறுக்கமான டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், உள்ளாடை, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லோரும் விளக்கணைத்துப் படுத்த பிறகு படிக்க ஒரு சார்ஜ் லைட், இதெல்லாம் யார் பட்டியலிலும் வருவதில்லை.

இன்னொன்று. சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் பிள்ளை, "நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டுவரச் சொன்னாங்கம்மா" என்று நிற்கும். அன்றைக்குக் கூலி கிடைக்காத அம்மா என்ன செய்வாள்? மறுநாள் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். காப்பகத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் நாலைந்து வாசகர்கள் சேர்ந்து ஒரு கணக்கு வைத்தால் அந்த வயிற்றுவலி தீரும்.

அட்டையில் கொடுத்தவர் படத்தை அச்சடித்த நோட்டுகள் மட்டும் வேண்டவே வேண்டாம். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிற பழக்கம்தான் இதுவும். அந்த நோட்டை வகுப்பில் எடுத்து வைத்த நிமிஷமே பக்கத்து பெஞ்சுக்கு எல்லாம் தெரிந்துவிடும். வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பதும் அப்படித்தான். பொருளைக் காப்பகப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா கையால் பிள்ளைக்குப் போகட்டும்.

பணமோ பொருளோ கொடுக்க வசதியில்லை என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. வரவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து பதினாலு வயது வரை உள்ள பிள்ளையை இந்தக் காரணங்களுக்காகச் சேர்க்காமல் விடக்கூடாது என்கிறது. இது தெரிந்த ஒருவர் அந்த அம்மாவோடு பள்ளி வாசல்வரை போய்வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஜூனில் கொட்டிக் குவிப்பதைவிட, பாதியை அக்டோபருக்கு எடுத்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பை நனையும், செருப்பு அறுந்துபோகும், நோட்டும் தீர்ந்திருக்கும். அப்போது யாரும் வருவதில்லை.

உங்கள் ஊர்க் காப்பகத்துக்கு இந்த வாரமே ஒரு போன் போட்டு, என்ன தேவை என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன பட்டியலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், ஊர்வாரியாக வெளியிடுகிறோம். உங்கள் போட்டோவை மட்டும் அனுப்ப வேண்டாம், போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்