தன்ராஜ்கள் எங்கிருந்து வருவார்கள்?

1928-ம் ஆண்டு மார்ச் 10-ம் தேதி, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொள்ள இந்திய ஆடவர் ஹாக்கி அணி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து "கைசர்-இ-ஹிந்த்" கப்பலில் புறப்பட்டது. வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர், துணைத் தலைவர், இவர்களுடன் ஒரு பத்திரிகையாளர். கப்பலேறும் முன் பம்பாய் அணியிடமே 3-2 என்ற கோல் கணக்கில் தோற்றுப்போயிருந்த அணியை வேறு யார் பொருட்படுத்தப் போகிறார்கள்? அதே அணி தங்கப் பதக்கத்துடன் அதே துறைமுகத்தில் வந்து இறங்கியபோது கூட்டம் அலைமோதியது. வெற்றிக்கு முன்னால் திரும்பியும் பாராமல் இருந்துவிட்டு, வெற்றிக்குப் பின்னால் மாலையுடன் ஓடிவரும் வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1925-ல் குவாலியரில் தொடங்கப்பட்ட ஹாக்கி சம்மேளனத்தின் நூற்றாண்டு 2025 நவம்பரில் கொண்டாடப்பட்டது. கொண்டாடக் காரணம் இல்லாமல் இல்லை. ஒலிம்பிக்கில் 8 தங்கம் வென்ற அணி இது. 1980 மாஸ்கோவுக்குப் பிறகு 41 ஆண்டுகள் பதக்கமின்றித் தவித்து, 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்றும், 2024-ல் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்றும் வென்று அடுத்தடுத்து வெண்கலம் பெற்றது. 2025-ல் ராஜ்கிரில் ஆசியக் கோப்பையும் கிடைத்தது. ஆனால் டோக்கியோவில் ஆடிய அணியிலும் சரி, பாரிஸில் ஆடிய அணியிலும் சரி, மும்பையைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லை. ஆம்ஸ்டர்டாம் சென்ற அணியையே தோற்கடித்த நகரத்துக்கு இந்த நிலை ஏன் வந்தது?

ஒரு காலத்தில் இந்திய அணியின் முதுகெலும்பாக இருந்தது பம்பாய். 1948-ல் லண்டன் வெம்பிளி மைதானத்தில், சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைவதற்கு மூன்று நாள்களுக்கு முன்பு, பிரிட்டனை 4-0 என்று வீழ்த்தித் தங்கம் வென்ற அணியில் லியோ பின்டோ, வால்டர் டிசோசா, லாரி பெர்னாண்டஸ், மாக்ஸி வாஸ் எனப் பம்பாய்க்காரர்களின் பட்டியல் நீளமானது. பின்னாளில் மாஸ்கோவில் வி. பாஸ்கரன் என்ற தமிழரின் தலைமையில் தங்கம் வென்ற அணியிலும் பம்பாயின் மெர்வின் பெர்னாண்டஸும் எம்.எம். சோமையாவும் இருந்தார்கள். இவர்களில் பலர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ரயில்வேயும் சுங்கத் துறையும் காவல் துறையும் டாடா போன்ற நிறுவனங்களும் வேலை கொடுத்து, அணி அமைத்து, ஆட விட்டன.

ஆட்டம் 1976-ல் மாறியது. மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. இங்கோ, 1982-ல் உலகக் கோப்பை பம்பாயில் நடந்தபோது வான்கடே கிரிக்கெட் மைதானத்தின் புல்தரையில்தான் ஆடினார்கள். சொந்த ஊரில் இந்தியாவுக்கு ஐந்தாவது இடம். கோப்பையைப் பாகிஸ்தான் கொண்டுபோயிற்று. செயற்கைத் தரை அமைக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும், தண்ணீர் வேண்டும், பராமரிப்பு வேண்டும். காலி மனையில் செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து ஆடிய சிறுவனுக்கும் தேசிய அணிக்கும் நடுவே அன்றைக்கு எழுந்த சுவர் இன்னும் இடிபடவில்லை.

இந்தச் சுவரையும் மீறி ஒருவர் வந்தார் என்றால் அவர் தன்ராஜ் பிள்ளை. புணேயை அடுத்த கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானப் பராமரிப்பாளராக இருந்த நாகலிங்கம் பிள்ளைக்கும் ஆண்டாளம்மாவுக்கும் பிறந்த மகன். புது மட்டை வாங்க வசதியில்லாமல் உடைந்த மட்டைகளைக் கயிறு சுற்றி ஒட்டவைத்து ஆடியவர். அவருக்கு வழி திறந்தது மும்பையின் செம்பூரில். அங்குள்ள பொதுத்துறை உர நிறுவனமான ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் அணிக்காக அவருடைய அண்ணன் ரமேஷ் மும்பை லீக் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். அண்ணனை நம்பி தம்பி மும்பைக்கு வந்தார். பின்னர் மகிந்திரா அணியில் சேர்ந்து ஜோக்கிம் கார்வாலோவிடம் பயிற்சி பெற்றார். அதன் பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ் அணி. 1989 டிசம்பரில் இந்தியாவுக்காகக் களமிறங்கியவர் 2004 ஏதென்ஸ் வரை நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடினார்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இந்தக் கதையில் தெரியாதது ஒன்றுமில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்களும், மாதுங்காவில் தங்கி அலுவலகங்களுக்கு எழுத்தராகச் சென்றவர்களும் இப்படித்தான் ஒருவரைப் பிடித்து ஒருவர் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவருக்கு ஒரு நிரந்தர வேலை இருந்தது. அதனால் பின்னால் வந்தவருக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது. தன்ராஜின் வேகமும் விடாப்பிடியும் அவருடையவை. அவற்றை வெளிக்கொண்டுவர உதவியதோ ஓர் உரத் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல்.

அந்தச் சம்பளப் பட்டியல்தான் இன்று சுருங்கிக்கொண்டு வருகிறது. இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-ல் ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. ஏர் இந்தியாவோ 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விமான நிறுவனம் லாபத்தில் ஓட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அரசு நிறுவனம் ஒன்று கைமாறும்போது நிலமும் கட்டடமும் விமானமும் மதிப்பிடப்படுகின்றன. அந்த நிறுவனம் ஆண்டுதோறும் விளையாட்டு வீரர்களுக்கு அளித்துவந்த வேலைவாய்ப்பு எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது? எஞ்சியிருக்கும் பொதுத்துறை நிறுவனங்களிலும் ஒப்பந்த ஊழியர்கள் பெருகும்போது வீரர்களுக்கான நிரந்தர இடம் மட்டும் குறையாமல் இருக்குமா என்ன?

நிர்வாகத்தின் பங்கையும் மறைப்பதற்கில்லை. 1998-ல் பாங்காக்கில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்த தலைவர் தன்ராஜ். வெளிநாட்டுப் பயணத்தில் தரப்படும் தினப்படி போதவில்லை என்று வாய் திறந்தார். விரைவிலேயே அவருக்கும் மேலும் ஆறு பேருக்கும் "ஓய்வு" அளிக்கப்பட்டது! 2008 மார்ச்சில் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி இல்லாமலே ஓர் ஒலிம்பிக் நடந்தது. பயிற்சியாளர் கார்வாலோ பதவி விலகினார். அடுத்த மாதமே கே.பி.எஸ். கில் தலைமையிலான சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது.

அணி மீண்டு எழுந்ததற்கு ஒடிசா அரசு முக்கியக் காரணம். 2018-ல் தேசிய அணிகளுக்குப் புரவலராகப் பொறுப்பேற்றதோடு அது நிற்கவில்லை. பழங்குடி மக்கள் அதிகம் வாழும் சுந்தர்கட் மாவட்டத்தில் வட்டாரம்தோறும் செயற்கைத் தரை அமைக்கும் திட்டத்தையும் கையில் எடுத்தது. அந்த மாவட்டத்தின் அமித் ரோகிதாஸ் இரண்டு ஒலிம்பிக் பதக்கங்களுடன் ஊர் திரும்பியிருக்கிறார். தமிழகமும் 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைச் சென்னையிலும், 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னை, மதுரையிலும் நடத்தியது. கோவில்பட்டியின் மாரீஸ்வரனும் அரியலூரின் கார்த்தியும் தேசிய அணிக்கு வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய செல்வந்தர்கள் வாழும் மும்பையில் நிலைமை வேறு. 2011-ல் முதலாவது ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றியைத் தீர்மானித்த பெனால்டியை அடித்த யுவராஜ் வால்மீகி, மரைன் லைன்ஸ் பகுதியில் மின் இணைப்புகூட இல்லாத அறையில் குடும்பத்துடன் வாழ்ந்தவர் என்பது கோல் அடித்த பிறகுதான் ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தது.

இப்போது தாராவிக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. சுமார் 600 ஏக்கர் பரப்பில் அந்தப் பகுதியை மறுசீரமைக்கும் திட்டத்தை 2022-ல் ரூ.5,069 கோடி ஏலத்தொகை குறிப்பிட்டு அதானி குழுமம் பெற்றது. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை, எங்கே வீடு என்ற சர்ச்சை ஓயவில்லை, ஓயவும் கூடாது. ஆனால் எத்தனை சதுர அடி வீடு என்ற வாதத்துக்கு நடுவே, தாராவியின் பிள்ளைகள் எங்கே ஓடி ஆடுவார்கள் என்ற கேள்வி காணாமல் போய்விடக் கூடாது. கட்டுமான நிறுவனங்களின் வரைபடத்தில் பச்சை நிறம் பூசப்பட்ட இடமெல்லாம் விளையாட்டுத் திடல் ஆகிவிடாது. நடைபாதைப் பூங்காவில் ஹாக்கி ஆட முடியாது.

பக்கத்திலுள்ள சயான் கோலிவாடா தொகுதியில் 2014 முதல் ஒரு தமிழர் சட்டப்பேரவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். தேர்தல் வந்தால் தாராவித் தமிழர்களின் வாக்கைக் கேட்க தமிழகத்திலிருந்தே தலைவர்கள் விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் எந்தக் கட்சியினராக இருந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் முழு அளவிலான ஒரு ஹாக்கிச் செயற்கைத் தரை, கட்டணமின்றி அப்பகுதிப் பள்ளி மாணவர்கள் ஆடும் உரிமையுடன் எழுத்துப்பூர்வமாக இடம்பெற வேண்டும். செம்பூர், டிராம்பே பகுதியில் உள்ள பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டுக்கு எத்தனை ஹாக்கி வீரர்களை நிரந்தரப் பணியில் சேர்க்கின்றன என்பதை நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவிக்க வேண்டும். முதல் கோரிக்கைக்கு அவகாசம் அதிகமில்லை. திடலுக்கான இடத்தை வரைபடத்தில் இப்போதே குறிக்க வேண்டும். அடுக்குமாடிகள் எழும்பிய பிறகு கேட்டால் மொட்டை மாடியைத்தான் காட்டுவார்கள்.