பிழைக்கப் போன இடத்தில் பாஷை எதற்கு?

சென்ற மாதம் கிள்ளானில் நடந்த ஒரு திருமண விருந்தில் நமது தமக்கை மகளைப்பற்றிய பேச்சு எழுந்தது. அவள் கோலாலம்பூரில் 12 ஆண்டுகள் கணக்கர் உத்தியோகம் பார்த்தவள். யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் மணம்புரிந்து, இப்பொழுது இத்தாலி தேசத்தின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரில் குடியேறியிருப்பவள். 36 வயதில் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இத்தாலிய பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதைக் கேட்ட பெரியவர் ஒருவர், "வீடு கூட்டவும் கிழவர்களைக் குளிப்பாட்டவும் இலக்கணம் எதற்குத் தம்பி? கையிலிருந்த உத்தியோகத்தையும் விட்டுவிட்டாளே!" என்றார். பந்தியிலிருந்தோர் நகைத்தனர். அவ்விடத்தில் மறுமொழி கூற நாம் வாயெடுக்குமுன் பாயசம் வந்துவிட்டது. ஆதலின் இங்கே கூறுகின்றோம்.

பெரியவர் வாக்கில் அடங்கிய கொள்கை யாது? உழைப்பவனுக்குக் கைகால் போதும், நாக்கு வேண்டாம் என்பது ஒன்று. ஒருமுறை ஏற்ற தொழிலைச் சாகும்வரை விடலாகாது என்பது மற்றொன்று. பிறப்பினால் தொழில் வகுத்தவர்களை மேடைதோறும் கண்டிக்கும் அப்பெரியவர், 22 வயதில் கிடைத்த நாற்காலியை மட்டும் பிரமன் எழுதிய எழுத்தென்று நினைப்பது எவ்வாறு? இதற்கு அவரே விடை கூறட்டும்.

நிற்க. பலேர்மோவில் இலங்கைத் தமிழர் பலர் பல்லாண்டுகளாக வாழ்கின்றனர். பெரும்பாலோர் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அவ்வேலைகளில் இழிவொன்றுமில்லை. ஆனால் அவற்றுக்குப் பாஷை வேண்டாமென்பது அறியாமை. மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாதவளிடம் நோயாளிக் கிழவியை எவர் ஒப்படைப்பர்? மேலும், அத்தேசத்துச் சட்டமே பாஷையைக் கேட்கிறது. நீண்டகால வாச அனுமதிச் சீட்டு வேண்டுமாயின் ஏ-2 என்னும் படியளவு இத்தாலியம் தெரிந்திருக்கவேண்டும். பிரஜாவுரிமைக்கு, 2018 இறுதியில் வந்த சட்டத்தின்படி, அதனினும் உயர்ந்த பி-1 படி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர், பொதுவிதிப்படி, 10 ஆண்டு சட்டப்படி வசித்த பின்னரே அதற்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் காலத்தை 5 ஆண்டாகக் குறைக்கும்பொருட்டு 2025 ஜூன் மாதத்தில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதிய வாக்காளர் வராமையால் செல்லாமற் போயிற்று. பத்தாண்டு காத்திருந்தும் நாக்கு ஊமையாயிருந்தால் கதவு திறவாது.

சட்டத்தை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள். ரோமாபுரிக்குத் தெற்கே லத்தீனா ஜில்லாவின் வயல்களில் பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்டு அவர்கள் கூலியிலே பங்கு பிடிக்கும் இடைத்தரகனுக்கு அங்கே 'கப்பொராலே' என்று பெயர். இந்த ஆளை எங்கேயோ கண்டதுபோல் இல்லையா? நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய கங்காணியல்லவா இவன்! தோட்டத்தில் துரையின் கட்டளை கூலிக்கு வந்ததும், கூலியின் முறையீடு துரைக்குப் போனதும் கங்காணியின் வாய்வழியே. அந்த வாய்தான் அவன் மூலதனம். 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்ததோடு அந்த ஆள்சேர்ப்பு முறை அஸ்தமித்தது. அஸ்தமித்த அவன் இத்தாலியில் வேறு தொப்பி அணிந்து உதித்திருக்கிறான்.

லத்தீனாவில் வழக்கமாக நடந்த மோசடி எளியது. மாதத்தில் 26 நாள் வேலை வாங்கிச் சம்பளச் சீட்டில் ஐந்தாறு நாள் மட்டும் எழுதுவார்கள். சீட்டு இத்தாலியத்தில், கையொப்பமிடுபவனுக்குப் பஞ்சாபி மட்டும் தெரியும். முதலாளியை அவர்கள் 'பத்ரோனே', அதாவது எஜமான், என்றே அழைத்துவந்தனர். நம்மவர் 'துரை' என்றழைக்கவில்லையா? 2016 ஏப்ரலில் அதே தொழிலாளர் தொழிற்சங்கத்தாரோடு சேர்ந்து லத்தீனா நகர வீதியில் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கப்பொராலே முறையைத் தண்டிக்கும் சட்டம் கடுமையாக்கப்பட்டது. சட்டம் வந்ததால் கொடுமை ஒழிந்துவிடவில்லை. 2024 ஜூனில் சத்னாம் சிங் என்னும் தொழிலாளி, இயந்திரத்தில் கை துண்டிக்கப்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படாமல் தன் வீட்டு வாயிலிலே விடப்பட்டு, பின்னர் மாண்டார். அவருக்கு இலக்கணம் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று கூற நமக்கு நா எழாது. அது எஜமானரின் நெஞ்சைப் பற்றிய விஷயம். ஆயினும், சம்பளச் சீட்டைத் தானே படிக்க வல்லவனை ஏய்ப்பது கடினம் என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

இனி, தொழில் மாற்றம். ஜும்பா லாஹிரி என்னும் வங்காளப் பெற்றோரின் மகள், லண்டனிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து, ஆங்கிலக் கதைகளுக்காக 2000-ல் புலிட்ஸர் பரிசு பெற்றவர். 2012-ல், 45-ஆம் வயதில், குடும்பத்தோடு ரோமாபுரியில் குடியேறினார்; புகழ் தந்த ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்து இத்தாலியத்தில் எழுதப் புகுந்தார். 2015-ல் முதல் இத்தாலிய நூல் வெளியாயிற்று. அதை ஆங்கிலமாக்கும் பணியைத் தாமே செய்யாமல் வேறொருவரிடம் விட்டார். புதுமொழியில் நடை பழகும் கால் பழைய மொழிக்குத் திரும்பிவிடுமென்ற அச்சம்போலும். 2018-ல் இத்தாலியத்தில் நாவலே எழுதினார். "பணமும் பெயரும் உள்ளவள் விளையாடலாம், நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆகுமா?" என்று பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வியே. லாஹிரிக்குத் தோல்வி நேர்ந்தால் திரும்ப இடமுண்டு. நமது பெண்ணுக்கு இல்லை. ஆனால் இதனால் கிடைக்கும் முடிவு என்ன? திரும்ப இடமில்லாதவளுக்கல்லவோ பாஷை அதிக அவசியம்!

அன்றியும், அந்த பாஷை தமிழ்க் காதுக்கு அவ்வளவு அந்நியமன்று. 'காசா' என்றால் வீடு, 'காஸ்ஸா' என்றால் பணப்பெட்டி. ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். ஆங்கிலேயர் இதில் இடறி விழுவர். பலிக்கும் பல்லிக்கும் பேதமறிந்த நமக்கு இது பால்பாடம். நீ என்பதற்கு 'தூ', மரியாதைக்கு 'லேய்'. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் பாஷையைக் கற்றுத் தேம்பாவணி பாடியதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு கற்பிக்கிறோம். அவர் பாஷையை நம் பெண் கற்றால் மட்டும் பந்தியில் நகைக்கிறோம்!

அவள் எதற்குக் கற்கிறாள் என்று அன்று எவரும் கேட்கவில்லை. இத்தாலிய மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும், குடியேறியவர்க்கும் அதிகாரிகட்கும் இடையே நின்று பேசி விளக்குவதற்கென்றே ஒரு தொழில் உண்டு, 'மெதியாத்தோரே' என்பர். தமிழும் ஆங்கிலமும் அறிந்த அவள் அதற்கே ஆயத்தமாகிறாள். தலைக்கு இவ்வளவென்று பங்கு பிடிக்காத வாய் ஒன்று, பிரசவ வலியோடு வரும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் அருகில் நிற்கப்போகிறது.

பி-1 பரீட்சை அவளுக்கு வரும் வைகாசியில். பெரியவருக்கு மறுப்பிருப்பின் எழுதி அனுப்பலாம். இப்பகுதியில் இடம் உண்டு.