எதிரி கையில் எட்டே பிளைண்ட்: போக்கரில் ஸ்கில் எங்கே முடியுது?

போக்கர் ஸ்கில்லா, லக்கா? திறமை விளையாட்டுதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2023 நவம்பரில். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆன்லைனில் ஆடினால் தடை என்றது 2025-ல் வந்த மத்திய சட்டம். சரி பாஸ், சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. எதிரில் இருப்பவரிடம் எத்தனை சிப்ஸ் இருக்குன்னு பாருங்க. பாதி பதில் அங்கே இருக்கு.

ஹெட்ஸ்-அப், அதாவது நீங்களும் அவரும் மட்டும். உங்களிடம் 40,000, அவரிடம் 8,000. கார்டு பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போட வேண்டிய பிளைண்ட் 500, 1,000. நீங்கள் பெரிய ஆள் மாதிரி தெரியும். ஆனால், இந்தக் கையில் உங்கள் 40,000-க்கும் மதிப்பு 8,000தான். அதற்கு மேல் அவரால் கட்டவே முடியாதே!

அவர் சின்ன பிளைண்டில் இருந்து ஆல்-இன் போகிறார். நீங்கள் ஏற்கெனவே 1,000 போட்டாச்சு. இன்னும் 7,000 போட்டால் மொத்தம் 16,000. ஆக, 44% ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தாலே 'கால்' லாபம். எந்த கார்டு வந்தாலும் தள்ளும் ஆளாக இருந்தால், குயின்-7 மாதிரி சுமார் கையே போதும். நல்ல கார்டுக்காகக் காத்திருந்தால், ஒவ்வொரு ஃபோல்டிலும் அவருக்கு 1,000 சும்மா போகும்.

நிறைய பேர் சறுக்குவது இன்னொரு இடத்தில். சும்மா பயமுறுத்த 2,500-க்கு ரெய்ஸ் பண்ணுவாங்க. அவர் ஆல்-இன் போனதும் ஃபோல்ட்! அந்த நேரம் 5,500 போட்டால் 16,000. 34% போதும். போக்கரின் மகா மட்டமான கை 7-2. அதுவே ஏஸ்-கிங்கை எதிர்த்து ஏறக்குறைய 33% ஜெயிக்கும். ஃபோல்ட் பண்ணத்தான் போறீங்கன்னா, அந்த ரெய்ஸ் எதுக்கு?

கவனிச்சீங்களா, இதில் முகம் படிப்பது, பொறுமையாக பிளஃப் கட்டுவது எதற்கும் இடமில்லை. இருப்பது ஒரு வகுத்தல் கணக்கு, அப்புறம் ஐந்து கார்டு. 2017-ல் லிப்ரேட்டஸ் என்ற கார்னகி மெலன் பல்கலைக்கழக ஏ.ஐ நான்கு கில்லாடிகளை ஹெட்ஸ்-அப்பில் வென்றது. அங்கே ஒவ்வொரு கையும் 200 பெரிய பிளைண்டோடு தொடங்கியது. மொத்தம் 1,20,000 கைகள். திறமை வெளியே தெரிய அவ்வளவு இடம் வேண்டியிருந்தது.

நம்ம டேபிளில் 8,000 வைத்திருப்பவரும் நீங்களும் சம திறமைசாலிகள் என்றால், கடைசியில் அவர் மொத்தத்தையும் அள்ள ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கு. எவ்வளவு படித்தாலும் அந்த எண்ணை உங்களால் பெரிதாக நகர்த்த முடியாது.